பெட்டி அடுப்பில் நூடுல்ஸ் களியாகிறது: வெயிலை மட்டும் நம்பிச் செய்ய வழி உண்டா?

மண்டபத்து மகள்

வணக்கம். மண்டபத்துக்கும் வேதாளைக்கும் நடுவே, கடலுக்குக் கூப்பிடு தூரத்தில் எங்கள் வீடு. என் கேள்வி ஒரு வரிதான்: கையால் செய்த நூடுல்ஸைச் சூரிய அடுப்பில் கூழாகாமல் வேகவைப்பது எப்படி? மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் தோற்றுவிட்டேன். எங்கே பிழை என்று நீங்கள் கண்டுபிடிக்க வேண்டுமானால் நடந்ததை முழுதாகச் சொல்ல வேண்டும். அதனால் கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் அப்பா மலேசியாவில், கிள்ளானில், 11 ஆண்டுகள் ஒரு சாப்பாட்டுக் கடையில் வேலை பார்த்தவர். அங்கே கற்றுவந்ததில் ஒன்றை மட்டும் இன்றுவரை விடவில்லை. மாவு பிசைந்து, கட்டையால் தேய்த்து, மடித்து, கத்தியால் கீறி நூடுல்ஸ் செய்வார். அதை அவர் 'மீ' என்றுதான் சொல்வார். எங்கள் வீட்டில் பாக்கெட் நூடுல்ஸ் நுழைந்ததில்லை. ஞாயிற்றுக்கிழமை என்றால் மீ. இறால் கிடைத்தால் இறால், இல்லையென்றால் முட்டையும் முருங்கைக்கீரையும். இப்போது அவருக்கு 71 வயது. தேய்க்கும் வலு கையில் இல்லை. பிசைவதும் தேய்ப்பதும் என்னிடம் வந்துவிட்டன. அவர் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, "இன்னும் மெல்லிசாகத் தேய்" என்பார்.

வெயிலுக்கு ஏன் போனேன் என்றால், அம்மாவின் மூச்சு. முப்பது ஆண்டுகள் சீமைக் கருவேல விறகில் சமைத்தவர். பச்சை விறகும் ஈர விறகும் போட்டு ஊதி ஊதி, இப்போது பத்தடி நடந்தாலே இழுக்கிறது. புகைப் பக்கமே போகக் கூடாது என்று மருத்துவர் சொல்லிவிட்டார். முற்றத்து விறகடுப்பை இடித்துவிட்டோம். காஸ் இருக்கிறது, ஆனால் ஒரு சிலிண்டரை நீட்டி நீட்டிப் பார்க்கும் வீடு எங்களுடையது. போன ஆண்டு ராமநாதபுரத்தில் ஒரு கண்காட்சியில் பெட்டி வகைச் சூரிய அடுப்பு வாங்கினேன். உள்ளே கறுப்புத் தகடு, மேலே இரட்டைக் கண்ணாடி, மூடியில் ஒரு முகம் பார்க்கும் கண்ணாடி. கண்ணாடி அளவு ஒன்றரை அடிக்குக் கொஞ்சம் கூடுதல், அதாவது 50 சென்டிமீட்டர் சதுரம். சோறு, பருப்பு, கிழங்கு, மீன் குழம்பு எல்லாம் அதில் அருமையாக வருகின்றன. காலையில் வைத்துவிட்டு நான் வேறு வேலை பார்க்கலாம். அம்மாவும் முற்றத்தில் பயமில்லாமல் உட்காருகிறார்.

கமுதிக்கு ஒரு திருமணத்துக்குப் போனபோது, 2016இல் தொடங்கிய அந்த 648 மெகாவாட் சூரிய மின் நிலையத்தை வழியில் பார்த்தேன். கண்ணுக்கு எட்டிய தூரம் வரை பலகைகள். ஊருக்கெல்லாம் மின்சாரம் தரும் அதே வெயில்தானே எங்கள் முற்றத்திலும் கொட்டுகிறது, ஒரு பானை மீ வேகாதா என்று அன்றைக்கே மனதில் விழுந்துவிட்டது.

முதல் ஞாயிறு: 300 கிராம் மாவு, பாதி கோதுமை, பாதி மைதா. கிணற்றுத் தண்ணீரில் பிசைந்தேன். சோறு வைப்பது போலவே, பச்சைத் தண்ணீர் 2 லிட்டரில் நூடுல்ஸைப் போட்டுக் காலை பத்தரைக்குப் பெட்டியில் வைத்தேன். ஒரு மணிக்குத் திறந்தால் கரண்டி நட்டமாக நிற்கிறது. களி.

இரண்டாம் ஞாயிறு: தண்ணீரை மட்டும் முதலில் வைத்தேன். பன்னிரண்டரைக்குத் தொட முடியாத சூடு, அடியில் சின்னச் சின்னக் குமிழ்கள். நூடுல்ஸைப் போட்டுவிட்டுத் தளதளவென்று கொதிக்கட்டும் என்று காத்திருந்தேன். கொதிக்கவே இல்லை. ஐந்து நிமிடத்துக்கு ஒரு தடவை திறந்து பார்த்தேன், கண்ணாடியெல்லாம் ஆவி படிந்து வெளுத்துவிட்டது. முக்கால் மணி நேரத்தில் எல்லாம் ஒட்டி ஒரே கட்டி.

மூன்றாம் ஞாயிறு தடிமனாகக் கீறி, தண்ணீரைக் குறைத்துப் பார்த்தேன். மேலே வழவழப்பு, ஒன்றோடொன்று பிரியவில்லை. அப்பா ஒரு குறையும் சொல்லாமல் சாப்பிட்டார். "மெல்லிசாகத் தேய்" என்று அதட்டுகிறவர் ஒன்றும் சொல்லாமல் சாப்பிட்டதுதான் எனக்கு வலித்தது.

பெட்டியில் இது முடியவே முடியாதா? குடை மாதிரி இருக்கும் வளைந்த கண்ணாடி அடுப்பு வாங்க வேண்டுமா? அல்லது கூரையில் பலகை வைத்து மின் அடுப்பில் செய்வதுதான் வழியா? எங்கள் பக்கம் காற்றும் உப்பும் அதிகம், அதையும் மனதில் வைத்துச் சொல்லுங்கள்.

தொண்டி வாத்தியார்

அம்மா, உங்கள் கேள்வியை இரண்டு முறை படித்தேன். அறிவியல் நடத்தி ஓய்வு பெற்றவன் நான். வீட்டில் பெட்டி அடுப்பும் உண்டு, வளைந்த கண்ணாடி அடுப்பும் உண்டு. உங்கள் கையில் பிழை இல்லை. சோற்றுக்குப் பழகிய முறையை நூடுல்ஸுக்குக் கொண்டுபோனதுதான் பிழை.

அரிசி முழு மணி. அதன் மாவுச்சத்து மணிக்குள்ளே அடைபட்டிருக்கிறது. அதனால் பச்சைத் தண்ணீரில் போட்டு மெல்லச் சூடேற்றினாலும் உருக்குலையாது. நூடுல்ஸ் என்பது அரைத்த மாவு. பிசையும்போது உண்டாகிற குளூட்டன் என்னும் புரத வலைதான் அந்த மாவைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. வெதுவெதுப்பான நீரில் கிடக்கக் கிடக்க வலை ஊறித் தளர்ந்து, மாவு நீரில் கரைந்து இறங்கும். பிறகு சூடு ஏறும்போது கரைந்த மாவெல்லாம் கஞ்சியாகும். நல்ல சூட்டில் போட்டால் மேற்பரப்பு உடனே வெந்து இறுகிவிடும், உள்ளே இருப்பது வெளியே வராது. முதல் ஞாயிறு நடந்தது இதுதான்.

இரண்டாம் ஞாயிறு நீங்கள் வெற்றிக்கு மிக அருகில் இருந்தீர்கள். காத்திருந்ததுதான் கெடுத்துவிட்டது. கணக்கைப் பாருங்கள். 50 சென்டிமீட்டர் சதுரம் என்றால் கால் சதுர மீட்டர். உச்சி வெயிலில் அதன்மேல் விழுவது ஏறத்தாழ 230 வாட். கண்ணாடியிலும் பெட்டிச் சுவரிலும் இழந்தது போகப் பாத்திரத்துக்குச் சேருவது 60, 70 வாட். காஸ் அடுப்பின் பெரிய பர்னர் 2000 வாட்டுக்கு மேல் எரியும். 2 லிட்டர் தண்ணீரை 30 டிகிரியிலிருந்து 100க்கு ஏற்ற 586 கிலோ ஜூல் வேண்டும். உங்கள் பெட்டிக்கு அது இரண்டரை மணி நேர வேலை. நடுவில் ஒரு முறை திறந்தாலும் பத்து நிமிடச் சூடு போய்விடும்.

இனி நல்ல செய்தி. கோதுமை மாவுச்சத்து 60 டிகிரியை ஒட்டியே வேகத் தொடங்கிவிடுகிறது. நூடுல்ஸ் வேகத் தளதளப்பு தேவையில்லை, 85 டிகிரிக்குமேல் நிலையாக இருந்தால் போதும். தண்ணீர் ஒன்றரை லிட்டர், சூடு 97 டிகிரி என்று வையுங்கள். அதில் 300 கிராம் நூடுல்ஸ் விழுந்தால் 89 வாக்கில் இறங்கும். அது மறுபடி கொதிநிலைக்கு ஏறப் பெட்டிக்குக் கால் மணி நேரம் பிடிக்கும். அந்தக் கால் மணியில் நூடுல்ஸ் தேவைக்குமேல் வெந்து முடிந்துவிடும். ஆகவே கொதிக்கக் காத்திராதீர்கள். போட்டு, ஒரே ஒரு கிளறு கிளறி, மூடி, 6 நிமிடத்தில் எடுத்துவிடுங்கள். பழைய இரும்புத் தோசைக்கல் இருந்தால் காலையிலேயே பெட்டிக்குள் வைத்து அதன்மேல் பாத்திரத்தை வையுங்கள். திறக்கும்போது போகிற சூட்டைக் கல் ஓரளவு ஈடுகட்டும். பாத்திரத்துக்கு இறுக்கமான மூடி வேண்டும், இல்லையென்றால் ஆவி கண்ணாடியில் படிந்து வெயிலை மறைத்துவிடும்.

நேரமும் முக்கியம். நம் ஊர்கள் 9 டிகிரிச் சொச்சம் அட்சரேகையில் இருக்கின்றன. சித்திரைப் பிறப்பை ஒட்டியும் ஆகஸ்ட் கடைசியிலும் சூரியன் நேர் உச்சிக்கு வருகிறது. உச்சி என்பது கடிகாரத்துப் பன்னிரண்டு மணி அல்ல, நமக்குப் பன்னிரண்டேகால் வாக்கில். அந்த நாட்களில் மூடிக் கண்ணாடியை நட்டமாக நிறுத்தாமல், கொஞ்சம் பின்னால் சாய்த்து வைத்தால்தான் அதன் ஒளி உள்ளே விழும். மார்கழியில் சூரியன் தெற்கே சாய்ந்து 57 டிகிரி உயரம்வரைதான் வரும். அப்போது பெட்டியைத் தெற்கு நோக்கித் திருப்பி அடியில் ஒரு செங்கல் கொடுத்துச் சாய்க்க வேண்டும்.

வளைந்த கண்ணாடி அடுப்பைப் பற்றிக் கேட்டீர்கள். என்னுடையது 1.4 மீட்டர் அகலம். நல்ல வெயிலில் 2 லிட்டர் 20, 25 நிமிடத்தில் கொதித்துவிடும். நீங்கள் ஆசைப்படும் தளதளப்பு அதில் கிடைக்கும். ஆனால் கடலோரத்தில் அதை வைத்துக்கொள்வது மாடு வளர்ப்பது போன்றது, கண் அதன்மேலேயே இருக்க வேண்டும். கால் மணிக்கு ஒரு தடவை சூரியனைப் பார்த்துத் திருப்ப வேண்டும். ஆடியில் கச்சான் காற்று வீசியபோது ஒரு முறை குப்புறச் சாய்ந்து தகடு நெளிந்தது. பிறகு நாலு முளை அடித்துக் கயிற்றால் கட்டினேன். உப்பு ஈரம் படிந்து இரண்டே ஆண்டில் பளபளப்பு மங்கத் தொடங்கியது. வாரம் ஒரு முறை நல்ல தண்ணீர் ஊற்றிக் கழுவிப் பருத்தித் துணியால் ஒற்றி எடுக்க வேண்டும், பொடி போட்டுத் தேய்க்கக் கூடாது. இன்னொன்றை அழுத்திச் சொல்கிறேன். ஒரு மாலை மூடி வைக்காமல் விட்டுவிட்டேன். மேற்கே சாய்ந்த வெயில் குவிந்து பக்கத்து ஓலை வேலியில் விழுந்து புகைய ஆரம்பித்துவிட்டது. நல்ல வேளையாகப் பார்த்துவிட்டேன். உங்கள் பக்கம் ஓலைக் கொட்டகைகள் நிறைய, வீட்டில் பிள்ளைகள் இருந்தால் இன்னும் கவனம். அந்தக் குவியத்தைக் கண்ணால் உற்றுப் பார்க்கவும் கூடாது.

முதலில் பெட்டியிலேயே நான் சொன்னபடி ஒரு முறை பாருங்கள். பணம் செலவழிப்பதைப் பிறகு யோசிக்கலாம்.

கீழக்கரை அடுக்களை

தங்கச்சி, வாத்தியார் தண்ணீரைச் சூடாக்கும் கணக்கைச் சொல்லிவிட்டார். நான் அந்தத் தண்ணீரே எதற்கு என்று கேட்கிறேன்.

நம் கடற்கரையில் நெருப்பைவிட அருமையானது நல்ல தண்ணீர். காவிரித் தண்ணீர் குழாயில் வருகிற நாளைக் கணக்கு வைத்துக் குடம் நிரப்புகிறோம், மீதிக்கு விலை கொடுக்கிறோம். 2 லிட்டரைக் கொதிக்கவைத்து, மீயை அள்ளிக்கொண்டு, கஞ்சித் தண்ணீரைக் கொட்டுவது கிள்ளானுக்குப் பொருந்தும். நமக்கு இடியாப்பம் தெரியும். இடியாப்பத்தை யார் தண்ணீரில் போட்டு வேகவைக்கிறார்கள்? ஆவியில்தானே வைக்கிறோம். உங்கள் மீயையும் ஆவியில் வையுங்கள்.

நான் செய்கிற விதம் இது. பெட்டிக்குள் வைக்கிற பாத்திரத்தில் தண்ணீர் 300 மில்லி போதும். அது முக்கால் மணி, ஒரு மணி நேரத்தில் ஆவி கட்டிவிடும். இடியாப்பத் தட்டில் எண்ணெய் தடவி, மீயைக் குருவிக் கூடு மாதிரி தளர்வாகச் சுற்றி வையுங்கள். அழுத்தக் கூடாது, நடுவில் ஆவி ஓட வேண்டும். பிசைந்த மாவில் தண்ணீர் குறைவு என்பதால் வெறும் ஆவியில் உள்ளே விறைப்பாகவே நின்றுவிடும். கால் மணி கழித்து ஒரு முறை திறந்து, உப்புத் தண்ணீரைக் கையால் தெளித்து, இழைகளை உதறிவிட்டு, மறுபடி மூடி இன்னொரு 20 நிமிடம் வையுங்கள். ஒட்டாது. தண்ணீரில் கிடக்கவே இல்லையே, எப்படிக் கூழாகும்?

மாவுக்கு வருகிறேன். பாதி கோதுமை போட்டிருக்கிறீர்கள். உடம்புக்கு நல்லதுதான், ஆனால் தவிட்டுத் துகள் வலையை அறுத்துக்கொண்டே இருக்கும். கைப்பழக்கம் வரும்வரை மைதா முக்கால், கோதுமை கால் என்று வையுங்கள். 100 கிராம் மாவுக்குத் தண்ணீர் 38, 40 கிராம், உப்பு 1 கிராம். பிசையும்போது சேராது, பொலபொலவென்று உதிரும். பயந்து தண்ணீர் ஊற்றிவிடாதீர்கள். ஈரத்துணி போட்டு அரை மணி மூடி வைத்தால் தானாகவே இணங்கிவரும். கிணற்றுத் தண்ணீர் வேண்டாம். நம் கிணறுகளில் உவர்ப்பும் கடினத்தன்மையும் உண்டு, மாவு இறுகித் தேய்க்கும்போது ஓரம் வெடிக்கும். உங்கள் அப்பா கைக்கு வலு போதவில்லை என்று நினைக்கிறாரே, அதில் பாதி அந்தத் தண்ணீரின் வேலையாகக்கூட இருக்கலாம்.

அப்பாவிடம் இன்னொன்றும் கேளுங்கள்: கிள்ளானில் மாவில் காரத் தண்ணீர் ஊற்றினார்களா என்று. அந்த ஊர் மீயின் மஞ்சள் நிறமும், கடித்தால் திரும்பத் துள்ளுகிற பதமும் அதனால் வருவதுதான். சோடியம் கார்பனேட், பொட்டாசியம் கார்பனேட் கலந்த நீர் அது. நம்மிடம் உள்ள சமையல் சோடாவை வறட்டுச் சூட்டில் நெடுநேரம் வைத்தால் அதுவே சோடியம் கார்பனேட்டாக மாறிவிடும். அதையும் உங்கள் பெட்டியே செய்யும். பாத்திரம் இல்லாத வெறும் பெட்டி நல்ல வெயிலில் 120 டிகிரிக்குமேல் போகும். 100 கிராம் சோடாவை அகலமான எவர்சில்வர் தட்டில் பரப்பி, மூடாமல், ஒரு நாள் இரண்டு நாள் வையுங்கள். தண்ணீரும் கரியமில வாயுவும் பிரிந்துபோய் எடை 63 கிராமை நெருங்கினால் ஆயிற்று. அலுமினியத் தட்டில் மட்டும் வைக்காதீர்கள், காரம் அதை அரித்துவிடும். ஈரக் கையால் அள்ளாதீர்கள், எரியும். 100 கிராம் மாவுக்கு 1 கிராமுக்குமேல் வேண்டாம்.

இனி எனக்கு மிகப் பிடித்த பகுதி. ஆவியில் வெந்த மீயைக் காயவைத்துவிடலாம். மாவு ஏற்கெனவே வெந்துவிட்டதால், காய்ந்த பிறகு சூடான தண்ணீரில் ஊறினாலே மென்மையாகிவிடும். ஜப்பானில் மொமொஃபுக்கு ஆண்டோ 1958இல் கொண்டுவந்த உடனடி நூடுல்ஸின் அடிப்படையும் இதுதான்: முதலில் ஆவி, பிறகு ஈரத்தை எடுப்பது. அவர் எண்ணெயில் பொரித்து ஈரத்தை எடுத்தார், நாம் வெயிலில் எடுக்கிறோம். வடகமும் வற்றலும் போடுகிற நமக்கு இது புதிதா? மதியம் பெட்டியில் கொதித்த தண்ணீரை ஃபிளாஸ்க்கில் ஊற்றி வைத்துவிட்டால், சூரியன் போன பிறகு இரவுச் சாப்பாடும் வெயில் சமைத்ததாகிவிடும்.

குழம்புச் சாற்றுக்கு யோசிக்கவே வேண்டாம். மாசிக் கருவாடு இரண்டு துண்டு, இறால் தலை, இஞ்சி, சின்ன வெங்காயம், நம் முண்டு மிளகாய் இரண்டு. காலை ஒன்பதுக்குப் பெட்டியில் வைத்தால் பன்னிரண்டுக்குத் தெளிந்த சாறு. மெல்லச் சூடேறுவதால் கலங்காது. இந்த முண்டு மிளகாய்க்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தபோது நான் தெருவுக்கே இனிப்புக் கொடுத்தேன். அதன் நிறமும் வாசமும் வேறு எந்த மிளகாயிலும் எனக்குக் கிடைத்ததில்லை.

தேவிபட்டினம் மின்பணி

அக்கா, மின் அடுப்பு பற்றியும் கேட்டிருந்தீர்கள். கூரைப் பலகை வைப்பதும் பழுது பார்ப்பதும் என் தொழில், அதனால் சுருக்கமாகச் சொல்கிறேன்.

2 லிட்டர் தண்ணீரைக் கொதிக்கவைக்க, இழப்பும் சேர்த்து, 0.2 யூனிட்டுக்கும் குறைவான மின்சாரம் போதும். ஆகவே மின்சாரத்தின் அளவு சிக்கல் இல்லை, ஒரே நேரத்தில் எவ்வளவு இழுக்கிறது என்பதுதான் சிக்கல். இண்டக்‌ஷன் அடுப்பை 500 என்று வைத்தால் அது 500 வாட் மட்டும் இழுக்கும் என்று பலர் நினைக்கிறார்கள். விலை குறைந்த பல அடுப்புகள் முழு வேகத்தில் சில நொடி இழுத்து, நிறுத்தி, மறுபடி இழுக்கும். சராசரிதான் 500. சின்ன இன்வெர்ட்டர் அந்த இழுப்பில் நின்றுவிடும். கம்பிச் சுருளில் சூடாகிற 600 வாட் மின் கெட்டில் அப்படி இழுக்காது. பேட்டரி வைத்த சிறிய அமைப்பு போட எண்ணினால் அதைப் பாருங்கள்.

மத்திய அரசின் கூரைச் சூரிய மின் திட்டத்தில் 2024 முதல் 1 கிலோவாட்டுக்கு 30,000 ரூபாயும், 2 கிலோவாட்டுக்கு 60,000 ரூபாயும், 3 கிலோவாட்டுக்கும் அதற்கு மேலும் 78,000 ரூபாயும் மானியம் அறிவித்திருக்கிறார்கள். அது நல்ல உதவி. ஆனால் மின்வாரியக் கம்பியோடு இணைந்த வகை, கம்பியில் மின்சாரம் போனால் தானும் நின்றுவிடும். கம்பத்தில் ஏறி வேலை பார்க்கிற என்னைப் போன்றவர்களின் உயிரைக் காக்க அப்படி அமைத்திருக்கிறார்கள். என் சித்தப்பா வீட்டில் பலகை வைத்துக் கொடுத்தவர்கள் இதைச் சொல்லாமல் விட்டார்கள். புயல் காற்றில் இரண்டு நாள் மின்சாரம் இல்லாதபோது, கொளுத்தும் வெயிலில் கூரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வாங்கும் முன் இதைக் கட்டாயம் கேளுங்கள். கடலோரம் என்பதால் தாங்கும் சட்டமும் திருகாணியும் துருப்பிடிக்காத எஃகாக இருக்க வேண்டும், சாதாரண இரும்பு உப்புக் காற்றில் நிற்காது.

உங்களிடம் பெட்டி இருக்கிறது. கீழக்கரை அக்கா சொன்ன ஆவி முறை சரிப்பட்டால் இதெல்லாம் இப்போதைக்குத் தேவையில்லை என்பது என் கருத்து.

மண்டபத்து மகள்

எல்லோருக்கும் நன்றி. இரண்டு வாரம் கழித்து எழுதுகிறேன், செய்து பார்க்காமல் எழுத மனம் வரவில்லை.

முதலில் வாத்தியார் ஐயா சொன்னபடி தண்ணீர் முறை. தோசைக்கல்லை எட்டரைக்கே பெட்டியில் வைத்தேன். ஒன்றரை லிட்டர் தண்ணீர். பன்னிரண்டேகாலுக்கு மூடியைத் தூக்கியபோது ஆவி முகத்தில் அடித்தது. போட்டேன், ஒரே கிளறல், மூடினேன். அப்பா கைக்கடிகாரத்தைக் கையில் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். 6 நிமிடத்தில் வடித்தேன். இழை இழையாக நின்றது! கொஞ்சம் மென்மை கூடுதல், ஆனால் கட்டி இல்லை, கஞ்சி இல்லை. மூன்று ஞாயிறு தோற்றது இதற்குத்தானா என்று சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன.

ஆனால் எங்கள் வீட்டுக்கு ஏற்றது கீழக்கரை அக்காவின் ஆவி முறைதான். வடித்த தண்ணீரைக் கொட்டும்போது கை கூசியது உண்மை. அடுத்த நாளே தட்டில் சுற்றி வைத்தேன். உப்புத் தண்ணீர் தெளித்து உதறும் இடத்தில் முதல் தடவை தயங்கிவிட்டேன், இரண்டு கூடுகள் நடுவில் வேகாமல் வெள்ளையாகவே நின்றன. மறுமுறை நன்றாகவே தெளித்தேன். வந்துவிட்டது.

காயவைப்பதில்தான் அடி வாங்கினேன். மொட்டை மாடியில் ஓலைப்பாய் விரித்து, உச்சி வெயிலில், காற்றில், அப்படியே போட்டேன். இரண்டு மணி நேரத்தில் மொறுமொறுவென்று ஆயிற்று. கையில் எடுத்தால் ஓரங்குலத் துண்டுகளாக உடைந்து உதிர்கிறது. மேலே காய்ந்து சுருங்க, உள்ளே ஈரம் மிச்சம் இருந்திருக்கிறது, அந்த இழுபறியில் வெடித்துவிட்டது. அம்மாதான் சொன்னார், "கருவாட்டைக்கூட முதலில் நிழலில் ஆறவிட்டுத்தானே களத்தில் போடுவார்கள், இதற்கு என்ன அவசரம்" என்று. அடுத்த தடவை சுளகில் பரப்பித் திண்ணை நிழலில் காற்றோட்டமாக மூன்று மணி நேரம், பிறகு மாலை வெயிலில் ஒன்றரை மணி நேரம், மறுநாள் காலை வெயிலில் இன்னொரு பொழுது. மேலே அப்பாவின் பழைய வேட்டியைப் போர்த்தினேன். எங்கள் தெருக்கோடியில் மீன் காயப்போடுவார்கள், ஈ வராமல் இருக்க வேட்டி இல்லாமல் முடியாது. இரவில் வெளியே விடவில்லை. கடல் ஈரத்தில் ஒரே இரவில் தொய்ந்துவிடும் என்று தெரியும், எவர்சில்வர் தூக்கில் போட்டு இறுக மூடினேன். உடைந்த துண்டுகளை வீணாக்கவில்லை, சேமியா மாதிரி பாயசம் வைத்தேன், பிள்ளைகள் அதையும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்கள்.

போன ஞாயிறு இரவு ஏழரை மணிக்கு மின்சாரம் இல்லை. மதியம் ஒன்றரைக்கு ஃபிளாஸ்க்கில் ஊற்றிய தண்ணீர் இருந்தது, மாசிச் சாறு இன்னொரு ஃபிளாஸ்க்கில் இருந்தது. நாலு கிண்ணத்தில் காய்ந்த மீயைப் போட்டு, தண்ணீர் ஊற்றி, தட்டால் மூடி, பத்து நிமிடம் காத்திருந்தோம். தண்ணீரை வடித்துச் சாற்றை ஊற்றினேன், வடித்த தண்ணீர் முருங்கைக்குப் போனது. அடுப்பு எதையும் பற்றவைக்கவில்லை. அம்மா அடுக்களையிலேயே உட்கார்ந்து சாப்பிட்டார், இருமல் இல்லை. அப்பா இரண்டு வாய் சாப்பிட்டுவிட்டு, "இன்னும் மெல்லிசாகத் தேய்த்திருக்கலாம்" என்றார். எனக்கு அப்படி ஒரு நிம்மதி.

அக்கா, காரத் தண்ணீர் பற்றியும் கேட்டேன். ஆமாம், பெரிய சீசாவில் இருக்கும், அளந்து ஊற்றுவது முதலாளியின் வேலை, தன்னைத் தொடவிட்டதே இல்லை என்றார். சோடாவை நேற்றுப் பெட்டியில் பரப்பியிருக்கிறேன். காலை பத்து முதல் மூன்று வரை இருந்தது. 100 கிராம் 74 ஆகியிருக்கிறது. இன்னும் வைக்க வேண்டுமா?

கீழக்கரை அடுக்களை

வையுங்கள் தங்கச்சி, பாதிக்குமேல் வந்துவிட்டது. இன்று ஒரு முறை கரண்டியால் கிளறிவிட்டு, மெல்லிய அடுக்காகப் பரப்புங்கள், அடியில் இருப்பதற்கும் சூடு போக வேண்டும். மூடியைக் கொஞ்சம் தூக்கி ஒரு தீக்குச்சி அளவு இடைவெளி விட்டால் ஆவி வெளியேறும், கண்ணாடி வெளுக்காது. ஆறியதும் உடனே சீசாவில் போட்டு மூடுங்கள், நம் காற்றில் ஈரம் இழுத்துக் கட்டியாகிவிடும். சீசாவின்மேல் பெயர் எழுதி ஒட்டுங்கள். உப்பு என்று நினைத்து யாரும் குழம்பில் போட்டுவிடக் கூடாது. பிள்ளைகளுக்கு எட்டாத உயரத்தில் இருக்கட்டும்.

தொண்டி வாத்தியார்

எடையை எழுதி வைத்தீர்களே அம்மா, மிக்க மகிழ்ச்சி. 63க்குக் கீழே இறங்காது. இரண்டு நாள் தொடர்ந்து ஒரே எடை காட்டினால் மாற்றம் முடிந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழைக்கு முன், வெயில் நன்றாக இருக்கும் ஆவணி, புரட்டாசியிலேயே இரண்டு தூக்கு நிறைய மீ காயவைத்துக்கொள்வது நல்லது. மேகம் மூடிய நாட்களில் பெட்டி 60 டிகிரியைத் தாண்டத் திணறும், அப்போது காஸைப் பயன்படுத்தத் தயங்காதீர்கள். அம்மாவின் உடம்பு முக்கியம்.

மண்டபத்து மகள்

இன்று மாலை எடை போட்டேன். 64. நாளை காலை 300 கிராம் மாவுக்கு 3 கிராம் கலந்து பிசைகிறேன். அளந்து ஊற்றும் வேலையை அப்பாவிடம் கொடுத்திருக்கிறேன்.